நான்கு டம்ளர் கிரீன் டீ: அக்காவுக்கு எதை வாங்குவது?

சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் என் அக்கா வீட்டு அலமாரியில் நான்கு விதமான கிரீன் டீ சேர்ந்துவிட்டது. சூப்பர் மார்க்கெட்டில் அவளே வாங்கிய டீ பை ஒரு பெட்டி. குன்னூர் போயிருந்தபோது நான் வாங்கி வந்த இலைத் தேயிலை ஒரு பொட்டலம். பக்கத்து வீட்டுப் பையன் ஜப்பானில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்தபோது அவன் கொடுத்துவிட்டுப் போன மட்சா தூள் ஒரு சின்ன டப்பா. அப்புறம், அக்கா மகன் ஜிம்மில் யாரோ சொல்லி வாங்கி வந்த கிரீன் டீ சாறு மாத்திரை, அறுபது அடங்கிய பாட்டில்.

"நீ கெமிஸ்ட்ரி வாத்தியார்தானே தம்பி, இதுல எது ஒசத்தின்னு சொல்லு. அதையே வாங்கிக்கிறேன், மத்ததை யாருக்காச்சும் குடுத்துடறேன்" என்றாள்.

கேள்வி சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அக்காவுக்கு வயது அறுபத்திரண்டு. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். சில மாதங்களுக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.6 என்று வந்து, இரும்புச் சத்து மாத்திரையும் சேர்ந்துகொண்டது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் அடுக்களையிலேயே உட்கார்ந்து நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இதே கேள்வியோடு கடையில் நிற்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

ஒசத்தி என்ற சொல்லையே முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. இலையில் என்னென்ன, எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கணக்கு. நாக்குக்கு எது பிடிக்கிறது என்பது இன்னொரு கணக்கு. இந்த வயதில், இந்த உடம்போடு இருக்கும் ஒருவருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே பக்கம் இழுக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இழுக்கவில்லை.

கிரீன் டீயும் நாம் பால் ஊற்றிக் குடிக்கும் கறுப்புத் தேயிலையும் ஒரே செடியின் இலைதான். வாழைக்காயை நறுக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் கறுத்துப் போகிறதல்லவா, கறுப்புத் தேயிலையில் நடப்பதும் அதே வேலை. இலை கசங்கும்போது பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதி வெளிப்பட்டு, காற்றோடு சேர்ந்து இலையின் துவர்ப்புப் பொருள்களை மாற்றிவிடுகிறது. கிரீன் டீக்குப் பறித்த இலையைச் சீக்கிரமே சூடாக்கி, அந்த நொதியை வேலை செய்யவிடாமல் நிறுத்திவிடுகிறார்கள். ஜப்பானில் ஆவியில் அவிக்கிறார்கள். சீனாவில் பெரும்பாலும் சூடான சட்டியில் வறுக்கிறார்கள். அதனால் துவர்ப்பு அப்படியே இலையில் தங்குகிறது.

அந்தத் துவர்ப்புப் பொருளுக்குப் பெயர் கேட்டச்சின். எங்கள் பாட்டி வெற்றிலையோடு காசுக்கட்டி போடுவார். காசுக்கட்டிக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயரிலிருந்துதான் வேதியியலில் கேட்டச்சின் என்ற பெயரே வந்தது. தேயிலையில் முக்கியமாக நான்கு கேட்டச்சின்கள் உண்டு. அவற்றில் பெரும்பங்கு இ.ஜி.சி.ஜி. என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது. கிரீன் டீயின் நன்மை பற்றி வரும் செய்திகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றைப் பற்றியவைதான். கூடவே காஃபின், இலையின் எடையில் 2 முதல் 4 சதவீதம் வரை. அப்புறம் தியனைன் என்ற அமினோ அமிலம், பொதுவாக 1 அல்லது 2 சதவீதம். காளானிலும் நன்றாகக் கொதித்த எலும்புச் சாற்றிலும் ஒரு அடிநாக்கு ருசி இருக்குமே, அந்த வகை ருசியைக் கிரீன் டீக்குத் தருவதில் தியனைனுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதை வைத்து ஒரு தர எல்லை உலக அளவில் வகுத்திருக்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 11287 என்ற அந்தத் தரநிலை 2011-ல் வந்தது. கிரீன் டீ என்று விற்க வேண்டுமானால் இலையில் குறைந்தது 7 சதவீதம் கேட்டச்சினும் 11 சதவீதம் மொத்தப் பாலிஃபீனாலும் (கேட்டச்சினும் அடங்கிய பெரிய குடும்பம்) இருக்க வேண்டும். வெந்நீரில் கரைந்து இறங்கும் பொருள் 32 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நார் 16.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முற்றிய இலையும் காம்பும் அதிகம் என்று பொருள். இதில் எனக்குப் பிடித்தது இன்னொரு விதி: மொத்தப் பாலிஃபீனாலில் பாதியாவது கேட்டச்சினாக இருக்க வேண்டும். மொத்தப் பாலிஃபீனாலை அளக்கும் சோதனை கொஞ்சம் ஏமாளி. வைட்டமின் சி சேர்ந்திருந்தாலும் அதையும் சேர்த்து எண்ணிவிடும். நொதி மாற்றிவிட்ட இலையும் அதில் ஓரளவு தேறிவிடும். பாதி கேட்டச்சின் இருந்தாக வேண்டும் என்ற விதியில்தான் அது மாட்டிக்கொள்ளும். ஆனால் இவையெல்லாம் அடிமட்ட எல்லைகள். 7 சதவீத இலையும் கிரீன் டீதான், 18 சதவீத இலையும் கிரீன் டீதான். எது எவ்வளவு என்று நம் ஊரில் விற்கும் பெட்டிகளில் நான் பார்த்தவரை ஒன்றிலும் போடவில்லை.

அப்படியானால் கேட்டச்சின் அதிகமுள்ளதே ஒசத்தியா? ஜப்பானில் மிக விலையுயர்ந்த ரகங்களான கியோகுரோவுக்கும் மட்சாவுக்கும் அறுவடைக்கு முன் மூன்று வாரம் போலச் செடிக்கு மேல் பந்தல் போட்டு வெயிலை மறைக்கிறார்கள். வேரிலிருந்து இலைக்கு வரும் தியனைன் வெயில் பட்டால்தான் கேட்டச்சினாக மாறும். நிழலில் அந்த மாற்றம் குறைந்து தியனைன் தங்கிவிடுகிறது. அதாவது, அதிக விலை கொடுத்து வாங்குவது துவர்ப்புக் குறைந்த, கேட்டச்சின் குறைந்த இலையை! கோடை வெயிலில் வளர்ந்த மலிவான இலையில் கேட்டச்சின் அதைவிட அதிகம். சீனாவில் பாலிஃபீனாலுக்கும் அமினோ அமிலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறார்கள். அந்த விகிதம் குறைந்தால் கிரீன் டீக்கு நல்ல இலை என்பது அவர்கள் கணக்கு. நாக்கு ஒரு பக்கம், கேட்டச்சின் ஒரு பக்கம். இது புரிந்த பிறகு, விலையைப் பார்த்து உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று ஊகிப்பதை நான் விட்டுவிட்டேன்.

சரி, டம்ளர்களுக்கு வருகிறேன்.

டீ பையைக் கத்தரியால் வெட்டி வெள்ளைத் தட்டில் கொட்டினேன். ரவை மாதிரி பொடி, பழுப்பும் பச்சையும் கலந்த நிறம், நடுநடுவே நார் போலக் காம்பு. அக்கா வாங்கியது எலுமிச்சை, தேன் மணம் சேர்த்த வகை. பெட்டியின் பின்புறம் சிறிய எழுத்தைப் படித்தால் தேனும் இல்லை, எலுமிச்சையும் இல்லை, மணமூட்டிதான். பொடியாக இருப்பதில் ஒரு வசதி உண்டு: சீக்கிரம் இறங்கும். ஆனால் முழு மிளகாய் மாதக்கணக்கில் காரம் நிற்க, அரைத்த மிளகாய்த்தூள் சீக்கிரம் வீச்சம் அடிப்பது போல, பொடித்த இலை காற்றுக்கு அதிகமாக ஆட்படுகிறது. 2009-ல் அமெரிக்காவில் கடைகளில் கிடைத்த கிரீன் டீக்களை 20 டிகிரி வெப்பத்தில் ஆறு மாதம் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கேட்டச்சின் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு போல இழக்கப்பட்டிருந்தது. 20 டிகிரியில்! சேலத்தில் சித்திரை, வைகாசியில் தகரக் கூரை போட்ட கிடங்குக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்று நாமே நினைத்துப் பார்க்கலாம். பெட்டியில் காலாவதித் தேதியைப் பார்ப்பதைவிடப் பொட்டலமிட்ட தேதியைப் பாருங்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தால் நான் எடுக்க மாட்டேன்.

பையில் வரும் மலிவு இலைக்கு நம் பக்கத்து ஆட்கள் யோசிக்க வேண்டிய இன்னொரு காரணமும் இருக்கிறது. தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்த்து வைக்கும். கொழுந்தில் குறைவு, முற்றிய இலையில் பல மடங்கு அதிகம். தருமபுரியிலும் சேலம் மாவட்டத்தின் சில பகுதிகளிலும் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு கூடுதல். பல்லில் பழுப்புக் கோடு விழுந்த பிள்ளைகளை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீரில் முற்றிய இலைத் தூளை ஊறவைத்துத் தினம் நாலு டம்ளர் குடிப்பது நல்ல யோசனை அல்ல. பளபளவென்று வலை போலிருக்கும் முக்கோணப் பைகளில் சில பிளாஸ்டிக். 2019-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார், அப்படிப்பட்ட ஒரே பை வெந்நீரில் கோடிக்கணக்கான நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களை விடுவதைக் காட்டினார்கள். காகிதப் பை பரவாயில்லை.

குன்னூர் இலை வேறு கதை. 2 கிராம் எடுத்து 150 மில்லி நீரில் மூன்று நிமிடம் விட்டேன். பிறகு ஊறிய இலையை வழித்து அதே தட்டில் பரப்பினேன். ஈரத்தில்தான் இலை தன் முகத்தைக் காட்டும். காயும்போது கம்பி போல முறுக்கிக்கொண்டிருந்தது பிரிந்து, ஒரு மொட்டும் இரண்டு இலையும் சேர்ந்த கொழுந்துகள் பாதிக்கு மேல் முழுசாக வந்தன. விரலால் தேய்த்தால் அரைக்கீரை வெந்தது போல மெத்தென்று இருந்தது. ஓரங்களில் சிவப்பு இல்லை. சிவப்பு இருந்தால் சூடு காட்டுவதற்கு முன்பே நொதி வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஒன்றிரண்டு மஞ்சள் முற்றல் இலை இருந்தது, பொறுக்கிப் போட்டேன். இந்தச் சோதனைக்கு ஆய்வகம் வேண்டாம், ஒரு வெள்ளைத் தட்டு போதும். நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிரில் கொழுந்து மெதுவாக வளரும். அந்தப் பருவத்து இலைக்கு மணம் தூக்கலாக இருக்கும். என் பொட்டலம் ஜனவரியில் போட்டது.

விலையையும் சொல்லிவிடுகிறேன். நான் கொடுத்த விலைக்கு இலைத் தேயிலை டம்ளருக்கு ஐந்து ரூபாய்க்குள் வருகிறது, அதே இலையில் இரண்டாம் முறையும் ஊற்றலாம். டீ பை ஒன்று ஏழு ரூபாய். பையில்தான் மலிவு என்று அக்கா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மட்சாவில் இலையை வடிகட்டுவதில்லை, நுணுக்கிய இலையையே கலக்கிக் குடிக்கிறோம். எனவே இலையில் உள்ள அத்தனையும் வயிற்றுக்குள் போகிறது: கேட்டச்சினும், தியனைனும், காஃபினும், செடி மண்ணிலிருந்து எடுத்த உலோகங்களும். டப்பாவைத் திறந்ததும் புதிதாக அறுத்த புல் மணம், கிளிப்பச்சை நிறம். ருசி அருமை, மறுக்கவே மாட்டேன். ஆனால் இரண்டு கிராமுக்கு அறுபது ரூபாய்க்கு மேல் ஆகிறது. திறந்த டப்பா சேலத்து வெப்பத்தில் சில வாரத்தில் மஞ்சளடித்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் முழு இலையை விழுங்குவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும், இலையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கக் கூடும் என்பதால். அக்காவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அவளுக்கு அந்தப் பச்சை வாசமே பிடிக்கவில்லை, ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

மாத்திரையை நான் டம்ளரில் போடவே இல்லை. பாட்டிலின் பின்புறம் ஒரு மாத்திரையில் 400 மில்லிகிராம் இ.ஜி.சி.ஜி., தினம் இரண்டு என்று இருந்தது. ஒரு கோப்பை கிரீன் டீயில் 50 முதல் 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், எட்டுக் கோப்பைக்கு மேற்பட்டது இரண்டே விழுங்கலில் போய்ச் சேர்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எல்லா ஆய்வுகளையும் பரிசீலித்து, துணை உணவாகத் தினம் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இ.ஜி.சி.ஜி. எடுத்தவர்களின் ரத்தத்தில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் உயர்வதைக் குறிப்பிட்டது. சரியாக அதே எண். ஊறவைத்துக் குடிக்கும் கிரீன் டீயைப் பொதுவாகப் பாதுகாப்பானதாகவே அந்த ஆணையம் கருதியது. வெறும் வயிற்றில் சாற்று மாத்திரை இன்னும் மோசம், உடம்பு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். இளைக்க வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு இதை விழுங்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அக்கா மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "மாமா, இது இயற்கைதானே, இலையிலிருந்து எடுத்ததுதானே?" என்றான். "அரளியும் இலைதான் மாப்பிள்ளை" என்றேன். கேட்டச்சின் அளவை மட்டும் பார்த்தால் முதலிடம் இந்தப் பாட்டிலுக்குத்தான். நான்கில் நான் முதலில் ஒதுக்கியதும் இதைத்தான்.

இனி தண்ணீர். என் ஒப்பீட்டையே கொஞ்சம் புரட்டிப் போட்டது இதுதான்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் மச்சானுக்குச் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம். சேர்வராயன் மலை காப்பி மலை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து காப்பியும் மிளகும் ஆரஞ்சும்தான் அங்கே பெயர் வாங்கியவை. ஏரிக்கரைக் கடைகளில் கிரீன் டீப் பொட்டலத்தை மலையின் நினைவாக வாங்கிப் போகிறவர்கள், பின்புறம் எங்கே விளைந்தது என்று ஒரு முறை திருப்பிப் பார்ப்பது நல்லது. அந்தத் தோட்டத்தில் பாறையிடுக்கில் ஊறும் தண்ணீரில் குன்னூர் இலையைப் போட்டுக் குடித்திருந்தேன். இளம் மஞ்சள் கலந்த பச்சை, கண்ணாடி போலத் தெளிவு, நாக்கின் ஓரத்தில் சுருக்கென்ற துவர்ப்பு. அதே இலையை, அதே கிராம் கணக்கில் அக்கா வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் போட்டபோது டம்ளரில் இருந்தது வேறு பானம். பத்து நிமிடத்தில் பழுப்பாகி, மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி ஒரு ஆடை. கரண்டியால் தொட்டால் அது ஓடு உடைவது போல விரிந்தது.

சேலத்துக்காரர்களுக்கு இதன் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. ஏற்காடு அடிவாரத்துக்குப் போகும் வழியில் வெளுத்துக் கிடக்கும் வெள்ளைக்கல் கரடுகள், மேக்னசைட் என்ற மெக்னீசியக் கல். மெக்னீசியமும் கால்சியமும் கரைந்த கடினத் தண்ணீர் நம் ஊரின் பல பகுதிகளில் ஓடுகிறது. கடினத் தண்ணீரில் கேட்டச்சின் குறைவாக இறங்குகிறது, இறங்கியதும் சீக்கிரம் பழுப்பாகிவிடுகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2019-ல் செய்து பார்த்ததில், சுத்திகரித்த தண்ணீரில் போட்ட கிரீன் டீயில் இ.ஜி.சி.ஜி. குழாய்த் தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. அதனால் கசப்பும் கூடுதல். குழாய்த் தண்ணீர் டீதான் பலருக்கு இனிப்பாகத் தெரிந்தது. ஆக, நூறு ரூபாய் கூடக் கொடுத்து நல்ல இலை வாங்கி ஆழ்துளைத் தண்ணீரில் போடுகிறவர், சுமாரான இலையை மேட்டூர் காவிரித் தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ போடுகிறவரைவிட முன்னால் இருக்கிறார் என்று சொல்ல முடியாது. அக்கா வீட்டில் குடிக்க கேன் தண்ணீர், டீக்கு மட்டும் குழாய்த் தண்ணீர் என்று பழக்கம். கொதிக்கத்தானே போகிறது என்ற நினைப்பு. கொதித்தால் கிருமி சாகும், மெக்னீசியம் சாகாது.

சூடும் முக்கியம். கிரீன் டீக்கு 80 டிகிரி போதும். ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கே பாதி வேலை மலையே செய்துவிடுகிறது. கீழே, கொதித்த தண்ணீரை டம்ளருக்கும் டவராவுக்கும் இரண்டு முறை ஆற்றி ஊற்றினால் ஏறத்தாழ 80-க்கு வந்துவிடுவதை வெப்பமானி வைத்துப் பார்த்தேன். கோடையில் இலையை இரவு குளிர்சாதனப் பெட்டியில் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு வைத்தாலும் நன்றாக வரும். தியனைன் குளிர்ந்த நீரிலேயே இறங்கும், காஃபினும் இ.ஜி.சி.ஜி.யும் குறைவாக இறங்கும். தூக்கம் வராதவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது மட்டும் வேண்டாம்: 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் வகைப்படுத்தியிருக்கிறது.

மாலை நாலு மணிக்கு அக்காவிடம் அவளுடைய இரும்பு மாத்திரை ஒன்றைக் கேட்டேன். மேல்பூச்சைச் சுரண்டி எடுத்து, உரலில் நசுக்கி, ஒரு கரண்டி தண்ணீரில் கலக்கினேன். குன்னூர் இலையின் வடிநீர் டம்ளரில் அதை ஐந்தாறு சொட்டு விட்டேன். விழுந்த இடத்தில் கருநீலப் புகை மாதிரி ஒரு சுருள் இறங்கியது. கலக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் வைத்ததும் டம்ளர் முழுக்க மசி. உண்மையிலேயே மசிதான், அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து எழுதுவதற்கு மசி செய்தார்களே, அதே வேதியியல். துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. டீ பை டம்ளரிலும் விட்டுப் பார்த்தேன், அது வெளிறிய சாம்பல் நிறத்தோடு நின்றுவிட்டது. துல்லியமான அளவீடு இல்லை என்றாலும், எந்த டம்ளரில் துவர்ப்புப் பொருள் அதிகம் என்று கண்ணுக்குத் தெரிந்தது.

அக்கா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காலையில இட்லி சாப்புட்டு, மாத்திரையப் போட்டு, மேல இதைத்தானே குடிக்கிறேன்" என்றாள்.

ஆமாம். மூன்று மாதமாக மாத்திரை போட்டும் எண் ஏறாததற்கு இது மட்டும்தான் காரணம் என்று சொல்ல நான் மருத்துவன் இல்லை. ஆனால் கீரை, பருப்பு, ராகி போன்ற சைவ உணவில் வரும் இரும்பைத் தேநீர் தடுக்கும் என்பது நன்றாக நிரூபிக்கப்பட்ட விஷயம். 2017-ல் வெளியான ஒரு சிறிய பிரிட்டிஷ் ஆய்வில், உணவோடு தேநீர் குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தபோது அந்த இழப்பு குறைந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காப்பி வேண்டாம் என்கிறது. இங்கேதான் எனக்கு உறைத்தது: கேட்டச்சின் கணக்கில் எந்த டம்ளர் முதல் மதிப்பெண் வாங்குகிறதோ, தவறான நேரத்தில் குடித்தால் அக்காவுக்கு அதிகக் கெடுதல் செய்வதும் அதுவேதான்.

அப்படியென்றால் கிரீன் டீயால் என்னதான் நன்மை என்று அவள் கேட்டது நியாயம். ஜப்பானின் மியாகி மாகாணத்தில் நாற்பதாயிரம் பேரைப் பதினொரு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த ஒஸாகி ஆய்வு 2006-ல் வந்தது. தினம் ஐந்து கோப்பையும் அதற்கு மேலும் குடித்தவர்களிடம், ஒரு கோப்பைகூடக் குடிக்காதவர்களைவிட இதய, ரத்தக்குழாய் நோய்ச் சாவுகள் குறைவு, பெண்களிடம் இன்னும் தெளிவாக. புற்றுநோய்ச் சாவில் வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் கோப்பை சுமார் 100 மில்லிதான். ஆனால் அங்கே டீ குடிப்பவர்கள் மீனும் கடற்பாசியும் சாப்பிடுகிறவர்கள், நிறைய நடப்பவர்கள். எல்லாப் புண்ணியத்தையும் டீயின் கணக்கில் எழுத முடியாது. ரத்தத்தில் கெட்ட கொழுப்பு கொஞ்சம் குறைகிறது என்பதற்குச் சோதனை ஆதாரம் உண்டு. உடல் எடைக்கு? 18 ஆய்வுகளைத் தொகுத்த 2012-ஆம் ஆண்டு அறிக்கை (மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பினுடையது), குறையும் எடை மிகச் சிறியது, நடைமுறையில் பெரிதாகப் பொருட்படுத்தத் தக்கதல்ல என்று சொல்லிவிட்டது. பெட்டியில் இடுப்பளவு நாடா படம் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாலும் சர்க்கரையும் போட்ட மூன்று டீக்குப் பதிலாகச் சர்க்கரையில்லாத கிரீன் டீ குடித்தால் அந்தச் சர்க்கரை குறைவது மட்டும் நிச்சயம். அக்காவின் விஷயத்தில் எனக்கு இதுவே பெரிய லாபமாகப் படுகிறது. தட்டு வடை செட்டுக்குத் துணையாக அவள் குடிக்கும் சாயங்கால டீயில் மட்டும் இரண்டு கரண்டிச் சர்க்கரை.

அதனால் நான் சொன்னது இது. வாங்க வேண்டியது குன்னூர் இலைதான், நூறு கிராமுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். வெளிச்சம் படாத டப்பாவில், காற்றுப் புகாமல், அடுப்பை விட்டுத் தள்ளி. தண்ணீர் கேனிலிருந்து. காலை இட்லிக்குப் பிறகு கிரீன் டீ கிடையாது. இரும்பு மாத்திரையைப் பதினோரு மணிக்கு எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் போட வேண்டும், இதை அவள் மருத்துவரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டோம். டீ நாலு மணிக்கு ஒரே ஒரு டம்ளர், வடை இல்லாமல். அதில் நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் நல்லது; வைட்டமின் சி இருந்தால் குடலில் கேட்டச்சின் சிதையாமல் அதிகம் மிஞ்சுகிறது.

என் மகளுக்கு இரும்புக் குறைவு இல்லை, பரீட்சைக்குப் படிக்கிறாள், தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ள மாட்டாள் என்பதால் அவளுக்கு மட்சாவே ஏற்றது என்றேன். அந்த டப்பா அவளுக்குத்தான் போனது. அலுவலகத்தில் வெந்நீர் இயந்திரத்துக்கு முன்னால் நிற்கிறவருக்கு வேறு வழியில்லை. மணமூட்டி இல்லாத காகிதப் பை வாங்கிக்கொள்ளலாம், மூன்று நிமிடத்தில் பையை வெளியே எடுத்துவிடலாம். கர்ப்பிணிகளும் ரத்தசோகை உள்ளவர்களும் எந்த ரகத்தையும் விட நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். ஃபில்டர் காப்பி குடித்து நன்றாக இருக்கிறவர்கள் அதை விட்டுவிட்டு இதற்கு மாற வேண்டிய கட்டாயமும் எதுவும் இல்லை. காப்பிக்கொட்டையிலும் பாலிஃபீனால் உண்டு, அதற்கும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேர இடைவெளி உண்டு.

மாத்திரைப் பாட்டிலை அக்கா மகன் இன்னும் தூக்கிப் போடவில்லை, ஆனால் நிறுத்திவிட்டேன் என்கிறான். அக்காவுக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை ஆடி முடிந்து வருகிறது. இரண்டாவது டம்ளர் வேண்டும் என்று இப்போதே கேட்கிறாள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.